அழைப்பும் அருளும்

தாராவியில் குடியேறிய திருநெல்வேலியார்க்கு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஊர்க்காரர். 1827இல் கரையிருப்பில் வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அழைப்பை ஏற்றவர் எதனை உடன்கொண்டு செல்வது? புலம்பெயர்ந்த நமக்கும் இவ்வினா புதிதன்று. அவர் தமிழைக் கொண்டு சென்றார்.

1678இல் ஜான் பனியன் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம் தந்தார். முதுகிற் பாவச்சுமையுடன் நடக்கும் பயணி சிலுவையடியை எய்துகிறான். சுமை தானே அவிழ்ந்து வீழ்கிறது. அவன் அவிழ்த்தானல்லன், அதுவே அருள். எனினும் அவன் அங்கேயே அமர்ந்துவிடவில்லை, நெடுவழி எஞ்சியிருக்கிறது. அழைப்பின் பொருளை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிதென்போம்.

மொழிபெயர்ப்பே தொழிலாகிய நாம் வியப்பது மற்றொன்று: காப்பியத்தினூடே அவர் அமைத்த கிறிஸ்தவ இசைப்பாக்களுக்குத் ‘தேவாரம்’ என்றே பெயரிட்டார். தமிழ்த் திருச்சபைகளில் அவை இன்றும் பாடப்பெறுகின்றன.