ஸ்டீரியோ கேமரா: தாத்தா ஜெயித்தாரா, பேரன் ஜெயித்தானா?

பி.காம். படிக்கிறவனுக்குக் கேமராவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பழைய கேமராக்களைப் பற்றி வாசிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. 1838-லேயே இதை விளக்கினார் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான்! இரண்டு லென்ஸ் வைத்து இரண்டு படங்களை ஒரே நேரத்தில் எடுப்பதுதான் ஸ்டீரியோ கேமரா.

இப்போது இரண்டு பேரை மோத விடுவோம்.

தாத்தா: ஸ்டீரியோ ரியலிஸ்ட். 1947-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருந்த டேவிட் வைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் செட்டன் ராக்வைட். 35 மி.மீ. பிலிம், ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 24×23 மி.மீ. ஜனாதிபதி ஐசனோவரும் நடிகர் ஹாரால்ட் லாயிடும் இதன் ரசிகர்கள்.

பேரன்: 2010-ல் வந்த ஃபியூஜிஃபில்ம் டபிள்யூ3. இரண்டு லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் 10 மெகாபிக்சல். ஆனால் சென்சாரின் அளவு சுமார் 6×4.6 மி.மீ.தான். கணக்குப் போட்டால் தாத்தாவின் பிலிம் பரப்பு ஏறக்குறைய 20 மடங்கு!

அதற்காகத் தாத்தாதான் உசத்தி என்று முடித்துவிட முடியாது. அன்றைய கோடாக்ரோம் பிலிமின் வேகம் வெறும் 10 ஏ.எஸ்.ஏ. நல்ல வெயில் வேண்டும். பிலிம் கழுவி வரும்வரை படம் விழுந்ததா என்றே தெரியாது. இரண்டு துண்டுகளையும் சட்டத்தில் சரியாகப் பொருத்தாவிட்டால் பார்க்கும்போது கண் வலிக்கும். பேரனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

ஆனால் படத்தைப் பார்க்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ரியலிஸ்ட் ஸ்லைடை அதற்கான கருவியில் வைத்தால், பின்னாலிருந்து ஒளி வர, ஒவ்வொரு கண்ணும் அசல் பிலிமையே முழுசாகப் பார்க்கிறது. டபிள்யூ3-இன் 3.5 அங்குலத் திரையிலோ 11.5 லட்சம் புள்ளிகள்தான். அதையும் இரண்டு கண்களுக்குப் பங்கு போட வேண்டும். கோடி ரூபாய் சம்பாதித்துவிட்டுச் சில்லறையாகச் செலவு செய்கிற கதை! அதே படத்தை இன்றைய வி.ஆர். கருவியில் பார்த்தால் பேரனின் மதிப்பு சட்டென்று உயர்ந்துவிடுகிறது.

எனவே 'தரம்' என்பது கேமராவோடு முடிவதில்லை. பார்க்கும் கருவியும் சேர்ந்ததுதான்.

ஒரு வேடிக்கை. டபிள்யூ3 பிறந்த அதே 2010-இன் கடைசியில்தான், கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் கோடாக்ரோம் கழுவிய கடைசிக் கடையும் புதிய சுருள்கள் வாங்குவதை நிறுத்தியது. அந்த நிறத்தை இனி யாரும் புதிதாக எடுக்க முடியாது. இருக்கிற ஸ்லைடுகள்தான் மிச்சம்.

அப்படியொரு ஜோடி ஸ்லைடு உங்கள் கைக்கு வந்தால் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மற்றதைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டும் ஒரே படம் போலத்தான் தெரியும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஆழமே இருக்கிறது.