மோகன் பகானுக்காகக் காத்திருந்தவர்கள்

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். மோகன் பகானின் எதிரணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவு. 1905-இன் வங்கப் பிரிவினைப் புண் ஆறாதிருந்த காலம் அது. மோகன் பகான் அணியின் பதினொருவருள் பதின்மர் வெறுங்காலில் ஆடுபவர்கள். எதிரிலோ பூட்சுக் கால்கள்.

இந்தியர் அணி எதுவும் அதுவரை வென்றிராத கேடயம். ஆயினும் சிறப்பு ரயிலிலும் நீராவிப் படகுகளிலும் மக்கள் வந்து குவிந்தனர். ஆடுகளத்தை எட்டிப்பார்க்கவும் இயலாதவர்களுக்குப் பட்டம் ஏற்றி ஆட்டநிலை அறிவிக்கப்பட்டது. முதல் கோலை எதிரணி அடித்தபோதும் இறுதியில் 2-1 என வென்றது மோகன் பகான்.

நூல்கள் இவ்வெற்றியையே விரித்துரைக்கின்றன. நாமோ அதற்கு முந்தைய பொழுதை எண்ணிப் பார்க்கிறோம். ஆள்வோரை ஆடுகளத்திலேனும் வெல்லலாம் என, ஆட்டம் தொடங்குமுன்னரே நம்பிப் புறப்பட்டவர்கள் அவர்கள். அந்நம்பிக்கைக்கும் வரலாற்றில் ஓரிடம் வேண்டும்.