தஞ்சாவூர்: கடாரத்தின் பெயர் உள்ள ஊருக்கு இரண்டு நாள் பயணம்

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானச் சேவை உண்டு. அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 55 கிலோமீட்டர். வார இறுதியில் போய் வர ஏற்ற ஊர்.

முதலில் பெரிய கோயில். முதலாம் இராஜராஜ சோழன் கட்டிய இக்கோயில் 1010-இல் நிறைவடைந்தது. 1987-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களின் பெயர்களை இங்குள்ள கல்வெட்டு ஒன்று வரிசையாகச் சொல்கிறது. அதில் வரும் கடாரம் இன்றைய கெடா என்பது ஆய்வாளர்களின் கருத்து. பலர் கோபுரத்தைப் படம் எடுத்துத் திரும்பிவிடுகின்றனர். மலேசியத் தமிழர்கள் வழிகாட்டியிடம் அந்தக் கல்வெட்டைப் பற்றிக் கேட்டறிவது நல்லது.

நண்பகலில் சன்னிதி நடை சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். அந்த இடைவேளையில் அரண்மனையில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

வாங்குவதற்குத் தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, தஞ்சாவூர் ஓவியம் உண்டு. கண்ணாடிச் சட்டம் போடாத சிறிய ஓவியம் பெட்டியில் பத்திரமாக வரும்.

மறுநாள் அருகிலுள்ள திருவையாறு. தியாகராசர் சமாதியைக் கண்டு, பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா அல்வாவைச் சுடச்சுடச் சாப்பிட்டுத் திருச்சிக்குத் திரும்பலாம்.