கீழக்குயில்குடி

கீழக்குயில்குடி, மதுரை மாவட்டத்தில், நகருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. தொலைவில் உள்ள சிற்றூர். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கித் தெற்கே சென்றால், வயல்களுக்கு அப்பால் மொட்டைப் பாறையாகச் சமணர் மலை தெரியும். அதன் அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில்.

மலையின் தென்மேற்குச் சரிவிலுள்ள குகையின் பெயர் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாயிலருகே பாறையில் பெரிதாகப் புடைத்து அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரரின் நீண்ட காதுகளைப் பார்த்த ஊரார், யாரோ ஒரு செட்டியார் என்று கருதி வைத்த பெயர் இது. உள்ளே குனிந்து நுழைந்து அண்ணாந்து பார்த்தால், வளைந்த கூரையில் ஐந்து சிறு சிற்பங்கள். ஒன்றில் சிங்கத்தின் மேலிருந்து, யானைமீது வரும் வீரனை எதிர்த்துப் போரிடுகிறாள் ஓர் இயக்கி. கொல்லாமையைப் போற்றிய சமயத்தின் குகையில் இப்படியொரு போர்க்காட்சி இருப்பது வியப்புத்தான்.

படிகளேறிச் சென்றால் வரும் பேச்சிப்பள்ளத்தில் பாகுபலி, பார்சுவநாதர் உள்ளிட்ட எட்டு உருவங்கள் வரிசையாக உள்ளன. அவற்றின் கீழ் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் அவர்களுள் ஒருவர். குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளியின் மாணாக்கர் பெயர்களும் இம்மலையில் காணப்படுகின்றன. உச்சியில் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. 2012இல் இம்மலையில் வட்டெழுத்துக்கு முந்தைய தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் ஒரு கல்வெட்டும் கண்டறியப்பட்டதால், துறவிகள் தங்கிய காலம் இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்றது.

பிற்காலத்தில் இவ்வூர் பிறமலைக் கள்ளர்களின் ஊராக அறியப்பட்டது. மதுரை வீடுகளுக்கு இரவுக் காவல் இருந்தவர்களில் இவ்வூரார் முக்கியமானவர்கள். காவலுக்குக் கூலி பெற்ற அந்த ஏற்பாட்டை ஆங்கில அரசு மிரட்டல் என்றே பார்த்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளர்களில் முதன்முதலாக 1914இல் இவ்வூரார் மீதுதான் பாய்ந்தது. கைரேகை பதிந்து, இரவில் ஆஜராக வேண்டியிருந்ததால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். சென்னை மாகாணத்தில் அது 1947இல் நீக்கப்பட்டது.

மலையின் சமணச் சின்னங்கள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அடிவாரத்தில் அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் வழிபாடு நடந்துவருகிறது.