இடையில் நின்ற கைகள்

தகவல் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். அஞ்சல் வந்தது, தந்தி வந்தது, தொலைபேசி வந்தது, இணையம் வந்தது என்று அடுக்கிச் சொல்வதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும், அதைக் கையாளத் தெரியாத எளியவருக்கும் இடையே எப்போதும் ஒருவர் நின்றிருக்கிறார். கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர். தந்தியைப் படித்துப் பொருள் சொன்னவர் அவர். தொலைபேசி எண்ணை அழுத்திக் கொடுத்தவரும் அவரே. இன்று கைபேசி நம் உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிட்டபின், இடையில் நின்ற அந்த மனிதருக்கு இனி வேலையில்லை என்று நாம் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்று அறிய, சற்றே பின்னோக்கி நடந்து பார்ப்போம்.

அரையணாவும் அஞ்சலட்டையும்

1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இந்தியா முழுமைக்கும் பொதுவான அஞ்சல் தலைகள் நடைமுறைக்கு வந்தன. கால் தோலா எடையுள்ள கடிதம் அடுத்த ஊருக்குச் சென்றாலும், ஆயிரம் கல் தொலைவு சென்றாலும் கட்டணம் அரையணாதான். 1879இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. 1880 தொடங்கி மணியார்டர் வழியாகப் பணமும் பயணம் செய்தது. தேயிலைத் தோட்டத்திற்கும் துறைமுகத்திற்கும் ஆலைக்கும் பிழைப்புத் தேடிப் போனவர்கள், ஊரில் விட்டுவந்த குடும்பத்தோடு உறவாட வழி பிறந்தது.

வழி பிறந்தது, எனினும் எழுத்து எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? நாடு விடுதலை பெற்றபின் 1951இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கின்படியே, இந்தியாவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம் எழுத்தறிவு பெற்றிருந்தனர். அஞ்சலட்டையை வாங்கக் காசு இருந்தும் அதை நிரப்பக் கையில்லாதவர்களே நாட்டில் மிகுதி. ஆகவேதான் அஞ்சலகத் தாழ்வாரத்தில், சாய்பலகையும் மைக்கூடுமாக ஒருவர் வந்து அமர்ந்தார். வந்தவர் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்தபின், அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டினார். "நான் சொன்னது இதுதான்" என்று அவர் தலையசைத்த பின்னரே அது பெட்டிக்குள் விழுந்தது. மறுமுனையில் கடிதத்தைக் கொண்டு சென்ற அஞ்சல்காரரே திண்ணையில் அமர்ந்து அதைப் படித்துக் காட்டியதும் உண்டு.

இந்த ஏற்பாட்டை நாம் பொன்னாக்கிக் காட்ட வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தவருக்கு வீட்டு இரகசியங்கள் எல்லாம் தெரிந்தன. கணவனுக்கு எழுத வந்த பெண், மூன்றாம் மனிதர் முன்னிலையில் மனத்தில் உள்ளதைச் சொல்லக் கூசினாள். நலம் விசாரிப்போடு கடிதத்தை முடித்துக்கொண்டாள். மணியார்டர் பணத்தில் ஒரு பங்கு கைமாறியதும் நடந்ததே. தன் பிள்ளை எழுத்துக் கற்று முதல் கடிதத்தைத் தானே எழுதியபோது ஒரு தாய் அடைந்த மகிழ்ச்சியில், இரவல் கையிலிருந்து விடுதலை பெற்ற நிம்மதியும் கலந்திருந்தது.

தந்தியின் கதையும் இதை ஒத்ததே. 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக் கம்பி இழுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பொதுமக்களும் அதைப் பயன்படுத்தலாயினர். சொல்லுக்குக் கணக்கிட்டுக் கட்டணம் என்பதால், பெருந்துயரும் நான்கைந்து சொற்களுக்குள் அடங்கியது. வாழ்த்துச் செய்திகளுக்கோ எண்களே போதுமாயிருந்தன. அட்டவணையில் உள்ள ஓர் எண்ணைக் குறித்தால், அதற்குரிய வாழ்த்து மறுமுனையில் சென்று சேர்ந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்த அந்தத் தாளை வாங்கிய கை நடுங்க, வீட்டார் ஆசிரியர் வீட்டை நோக்கி ஓடினர். படித்துச் சொன்னவர் முதலில் அவர்களை உட்காரச் சொன்னார். பிறகே செய்தியைச் சொன்னார். 2013 ஜூலை 14ஆம் நாள் இரவோடு இந்தியாவில் தந்திச் சேவை நிறைவுற்றது.

மஞ்சள் பலகையின் காலம்

தொலைபேசி நெடுங்காலம் வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்தது. வெளியூருக்குப் பேச 'டிரங்க் கால்' பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி முதன்முதலாகத் தொடங்கியது. ஆயினும் அது சிற்றூர்களை எட்ட மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1984இல் சாம் பிட்ரோடாவின் முயற்சியால் சி-டாட் நிறுவனம் தோன்றியது. குளிர்சாதன வசதியின்றி, நம் வெயிலையும் புழுதியையும் தாங்கி இயங்கும் சிறிய தொலைபேசி நிலையங்களை அதன் பொறியாளர்கள் வடிவமைத்தனர். அவற்றுள் ஒன்று 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது.

அதன் பயனாக 1980களின் இறுதியிலும் 1990களிலும் ஊர்தோறும் மஞ்சள் பலகைகள் எழுந்தன. 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.' என்று எழுதிய அந்தச் சிறு கண்ணாடிக் கூண்டை நம்மில் யார் மறந்திருப்போம்? இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து, வளைகுடா நாட்டில் இருந்த மகனோடு பேச ஊரே வரிசையில் நின்றது. உடல் ஊனமுற்றோருக்கு இந்தக் கூண்டுகளை நடத்த முன்னுரிமை அளிக்கப்பட்டதால், பல குடும்பங்களில் அடுப்பெரிந்தது. கூண்டுக்காரர் எண்ணை அழுத்திக் கொடுத்தார். ஓடும் எண்களைக் காட்டி, "அம்மா, காசு கூடுது, சுருக்கமாப் பேசுங்க" என்று எச்சரித்தார். வெளியூரிலிருந்து வந்த அழைப்பைத் தெருக்கோடி வரை சென்று சொல்லி வந்தார்.

அலை உயரத்தை அறிவித்த ஒலிபெருக்கி

1995 ஆகஸ்டு 15ஆம் நாள், வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. கட்டணம் மிகுதி, வேகமோ மிகக் குறைவு. 1998 இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை வழங்க உரிமம் கிடைத்தபின், பிரவுசிங் சென்டர்கள் பெருகின. அங்கும் ஓர் இடையாள் இருந்தார். மின்னஞ்சல் முகவரி உண்டாக்கித் தந்து, கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தவர் அவர். தமிழ்ப் பக்கம் திறந்தால் எழுத்துருக்குப் பதில் புரியாத குறிகள் தோன்றிய காலம் அது. உரிய எழுத்துருவைத் தேடிப் பதித்துக் கொடுத்தவரும் அவரே. விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்று சென்னையில் 1999 பிப்ரவரியில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகவே 'தமிழ் 99' பலகை உருவாயிற்று.

இதே காலத்தில் புதுச்சேரிப் பகுதியில் நடந்த ஒரு முயற்சியை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மையம் அமையும் இடம், சாதி வேறுபாடின்றி எவரும் வந்துபோகக் கூடியதாய் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மையங்களை உள்ளூர்த் தன்னார்வலர்களே நடத்தினர். அவர்களுள் பெண்கள் பலர். வீராம்பட்டினத்து மீனவருக்குத் தேவைப்பட்டது, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்னும் செய்தி. அச்செய்தி அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்தில் கிடைத்தது. வில்லியனூரில் அதை இறக்கிக் கடற்கரை ஊருக்கு அனுப்பினர். அங்கு அது தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. கட்டுமரம் தள்ளப் போனவர் கணினியைத் தொட்டதே இல்லை. ஆயினும் இணையம் அவருக்குப் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கிற்று. நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியிலிருந்தார். கடற்கோள் செய்தியறிந்து அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை ஒரு வீட்டோடு நின்றுவிடவில்லை. ஊரில் இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுவதற்கும் சொன்னது. படகுகளும் வீடுகளும் அழிந்தன, மக்கள் பிழைத்தனர். ஒருவர் காதில் விழுந்ததை எல்லார் காதிலும் விழச் செய்ய, இடையில் சில கைகள் இருந்தன என்பதே இதில் நாம் காணும் உண்மை.

உள்ளங்கையில் வந்தபின்

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, தில்லியில் இருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமோடு பேசியது, இந்தியாவின் முதல் கைபேசி உரையாடலாக அறிவிக்கப்பட்டது. வந்த அழைப்புக்கும் காசு கொடுத்த நிலை 2003இல் மாறியது. 2016இல் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் இணையக் கட்டணமும் வெகுவாகச் சரிந்தது. மஞ்சள் பலகைகள் மறைந்தன. வங்கியும் அஞ்சலகமும் பயணச்சீட்டு அலுவலகமும் ஒரே கண்ணாடிச் சில்லுக்குள் வந்து அடங்கின. தாழ்வாரத்தில் கூசி நின்ற அந்தப் பெண்ணின் பேத்தி, இன்று எவர் துணையுமின்றித் தன் கணவனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். இந்த விடுதலை உண்மையானது. இதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறத்தலாகும்.

ஆனால் கையாளத் தெரியாதவர் மறைந்துவிடவில்லை. அவர் பக்கத்தில் நின்ற மனிதரே மறைந்துபோனார். 2021 மே மாதத் தொடக்கத்தில், 18 முதல் 44 வயதுக்குட்பட்டோர் கொரோனாத் தடுப்பூசி பெற, கோவின் தளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. இணையமும் எழுத்தும் அறியாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. பின்னர் நேரில் வந்து பதிவு செய்யவும் வழி செய்யப்பட்டது. அந்த இடைப்பட்ட நாள்களில் உயிர்காக்கும் மருந்துக்கும் எளியவருக்கும் நடுவே நின்றது ஒரு கைபேசித் திரை.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று கடிதத்தைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னவர் இழக்க நேர்ந்தது ஓர் இரகசியத்தை. இன்று கைபேசியைப் பிறர் கையில் கொடுத்து, ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் சொல்லிவிட்ட முதியவர், வாழ்நாள் சேமிப்பையே இழந்துவிடலாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் முகமறியாத குரல், உதவிக்கு ஏங்கும் அவர் தனிமையை நன்கு அறிந்தே அழைக்கிறது. நம்பத் தகுந்தவர் அருகில் இல்லாதபோது, நம்பத் தகாதவர் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறார்.

அரசு இ-சேவை மையங்கள் ஓரளவு இந்த இடத்தை நிரப்புகின்றன. ஆயினும் அவை எல்லா நேரமும் எல்லார் அருகிலும் இருக்க இயலாது. நம் வீட்டு முற்றத்திலும், நம் தெருவிலும், நம் பணியிடத்திலும் அந்த இடம் நமக்காகவே காலியாக இருக்கிறது. ஓய்வூதியத்திற்கான உயிர்ச்சான்றை அனுப்பத் தெரியாமல் தவிக்கும் தாத்தாவின் கையிலிருந்து கைபேசியைப் பறித்து, நொடியில் முடித்துத் திருப்பித் தருவது நம் வழக்கமாகிவிட்டது. "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்ற ஒரு சொல்லையும் கூடவே சேர்த்துத் தருகிறோம். அது உதவியாகத் தோன்றலாம். ஆனால் அவர் மறுமுறையும் தவிக்கவே அது வழி செய்கிறது.

அஞ்சலகத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தவரிடம் நாம் கற்க வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. அவர் எழுதினார், உடனே பெட்டியில் போட்டுவிடவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு, சொன்னவர் தலையசைக்கும்வரை காத்திருந்தார். நாமும் திரையில் உள்ளதை முதலில் உரக்க வாசித்துக் காட்டுவோம். எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்று சொல்வோம். கடவுச்சொல்லை அவரே அழுத்தட்டும். அப்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தைத் தர நாம் அணியமாய் இருந்தால் போதும்.