பேட்டரி தந்த அரை மணி நேரம்

கொட்டச்சேட்டில் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போவது புதிதல்ல. சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். இன்வெர்ட்டர் தாங்கும் வரை விளக்கு, அப்புறம் மெழுகுவர்த்தி. மேகத்துக்குள் பறக்கும் விமானத்தில் கரண்ட் போனால்? அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

ஆரம்பத்தில் அந்தக் கவலை கிடையாது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் பைகளோடு பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாடா ஓட்டிய புஸ் மாத் விமானத்தில் ரேடியோகூட இல்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுத்தது மாக்னெட்டோ. எஞ்சின் சுற்றும்போது அதுவும் சுற்றி, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி தேவையில்லை. பழைய மொபெட் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

பிறகு ரேடியோ வந்தது, மின்சாரக் கருவிகள் வந்தன. இரவிலும் மேகத்திலும் பறக்க முடிந்தது. ஆனால் விமானி கரண்டை நம்ப வேண்டியதாயிற்று.

நம் தலைமுறைக்கு நன்கு பழக்கமான விமானம் ஆவ்ரோ 748. கான்பூரில் ஹெச்.ஏ.எல். உருவாக்கிய முதல் ஆவ்ரோ 1961-ல் பறந்தது. மொத்தம் 89 விமானங்களை அங்கே கட்டினார்கள். இந்தியன் ஏர்லைன்ஸும் விமானப்படையும் அவற்றைப் பறக்கவிட்டன.

அதே ரக விமானம் ஒன்று, ஏர் இல்லினாய் நிறுவனத்துடையது, 1983 அக்டோபர் 11 இரவு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பன்டேலுக்குக் கிளம்பியது. ஏறிய சற்று நேரத்தில் இடது ஜெனரேட்டர் பழுதானது. குழப்பத்தில் நல்ல நிலையிலிருந்த வலது ஜெனரேட்டரைத் துண்டித்துவிட்டார்கள். அதை மறுபடி இணைக்க முடியவில்லை. பின்னால் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் கேப்டன் பயணத்தைத் தொடர முடிவு செய்தார். பேட்டரி ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கியது. அது தீர்ந்ததும் விமானம் சாய்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவிகள் செத்தன. மேகத்தில் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உணர்வு மனிதனை ஏமாற்றிவிடும். பிங்க்னிவில் அருகே விமானம் விழுந்தது. பத்துப் பேரும் இறந்தார்கள். எஞ்சின்கள் கடைசி வரை ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அடுத்த காலத்தில் எஞ்சினே கம்ப்யூட்டர் கைக்குப் போனது. 2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் ஸ்பெயரில் டயமண்ட் டி.ஏ.42 என்ற சிறு விமானத்தின் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்து கிளம்பினார்கள். சக்கரத்தை உள்ளே இழுக்க மோட்டார் ஓடியதும் மின்னழுத்தம் சரிந்தது. இரண்டு எஞ்சின்களின் கம்ப்யூட்டர்களும் ஒரு கணம் அணைந்தன, எஞ்சின்களும் நின்றன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர்களுக்கென்று தனியே சிறு பேட்டரி வைக்கச் செய்தார்கள். நம் ராய்பரேலி அருகே ஃபர்சத்கஞ்ச் விமானப் பயிற்சிப் பள்ளியிலும் டி.ஏ.42 உண்டு.

திரையில் எல்லாம் தெரியும் இன்றைய செஸ்னா 172-லும் ஒரு மாற்று பேட்டரி இருக்கிறது. முக்கியத் திரையை அது ஏறக்குறைய 30 நிமிடம் காப்பாற்றும். அந்த 30 நிமிடம் இறங்க இடம் தேடுவதற்காகக் கொடுத்தது. போகிற ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு என்று நினைத்ததுதான் 1983-ல் பத்து உயிரைக் கொண்டுபோனது. அதனால்தான் எஞ்சினைக் கிளப்புமுன்பே ஒரு சுவிட்சைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பச்சை விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.