உடல் கிடைக்காதவரும் பெயர் கிடைக்காதவர்களும்

1918 மார்ச் 25. வடக்குப் பிரான்சில் ஜெர்மானியப் படையின் பெருந்தாக்குதலுக்கு முன் பிரிட்டிஷ் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் லெப்டினன்ட் வால்டர் டல் குண்டடிபட்டு விழுந்தார். அவரைத் தூக்கிவரப் படைவீரர்கள் முயன்றார்கள், முடியவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அராஸ் நகர நினைவுச் சுவரில் உள்ள ஏறத்தாழ 35,000 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நாம் பின்னோக்கிப் போவோம். தந்தை டேனியல் ஒரு தச்சர். பார்படாஸ் தீவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழிவந்த அவர், இங்கிலாந்தில் குடியேறினார். தாய் ஆலிஸ், கென்ட் பகுதியைச் சேர்ந்த வெள்ளையினப் பெண். 1888இல் ஃபோக்ஸ்டன் ஊரில் பிறந்த வால்டர், பத்து வயதுக்குள் இருவரையும் இழந்தார். அண்ணன் எட்வர்டும் அவரும் லண்டனில் ஓர் அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். அண்ணனை கிளாஸ்கோ குடும்பம் ஒன்று தத்தெடுத்தது. அவர் பல் மருத்துவரானார். தம்பி கால்பந்து வீரரானார்.

1909இல் டாட்டன்ஹாம் அணிக்காக பிரிஸ்டலில் ஆடியபோது, பார்வையாளர்கள் அவரை நிறத்தைச் சொல்லி இழிவாகத் திட்டினார்கள். பின்னர் நார்த்தாம்டன் அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1914 டிசம்பரில் படையில் சேர்ந்தார். 1916இல் சோம் போர்க்களத்தைக் கண்டார். நிறத்தவர் படையில் மெய்யான அதிகாரம் செலுத்தக் கூடாது என்பது அன்றைய ராணுவச் சட்டக் கையேட்டின் விதி. அந்த விதி இருக்கும்போதே, 1917 மே மாதம் அவர் அதிகாரி ஆனார். வெள்ளைச் சிப்பாய்கள் அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள்.

போருக்குப் பின் பல பத்தாண்டுகள் அவரை உலகம் மறந்திருந்தது. நார்த்தாம்டனில் நினைவிடம் எழுந்தது 1999இல்தான். ஆனாலும் அவரைத் தேடிக் கண்டெடுக்க முடிந்தது. ஏன்? பத்திரிகைகளில் ஆட்டச் செய்திகள் இருந்தன. அதிகாரி என்பதால் ராணுவக் கோப்பு இருந்தது. நினைவைக் காத்த ஓர் அண்ணன் இருந்தார்.

இப்போது அதே போரின் இன்னொரு களத்துக்கு வருவோம். அங்கே நம் மக்களும் இருந்தார்கள். பறையர் சமூகத்தவர் பலர் சேர்ந்திருந்த மதராஸ் சாப்பர்ஸ் படை மெசபடோமியாவில் போரிட்டது. அங்கே கல்லறையின்றிப் போனவர்களுக்காக பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் பொறிக்கப்பட்டது. இந்திய அதிகாரியின் பெயரும் பொறிக்கப்பட்டது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கைதான். கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று 2021இல் ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்.

இது போர்க்குழப்பத்தில் நேர்ந்த மறதி அல்ல. எவர் பெயரை எழுத வேண்டும், எவரை எண்ணினால் போதும் என்று மேசையில் அமர்ந்து எடுத்த முடிவு. அந்த முடிவை நாம் நன்கறிவோம். பண்ணைக் கணக்கில் நம் பாட்டன்மார் ஆளாக அல்ல, ஆள்கணக்காக எழுதப்பட்டவர்கள்.

மாணவத் தோழர்களே, ஊருக்குப் போனதும் முதியவர்களிடம் கேளுங்கள்: நம் சேரியிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யார்? பெயர், தெரு, உறவு என்று கிடைப்பதையெல்லாம் எழுதி வையுங்கள். நாம் எழுதாத பெயரை வேறு எவரும் எழுதப்போவதில்லை.